'வேணாம்' சொல்லும் வகுப்பு

"ஒரே ஒரு வாய்தான், குடிடா! என்ன ஆயிடப் போகுது?"

அப்பா டம்ளரை மகனின் உதட்டுக்கு நேரே நீட்டினார். பதின்மூன்று வயதுப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் அம்மா மடியில் கைகளைப் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

"வேணாம். நான் வீட்டுக்குப் போறேன்" என்றான் பையன்.

சுற்றி உட்கார்ந்திருந்த ஏழெட்டுக் குடும்பங்களும் கைதட்டின. டம்ளரில் இருந்தது வெறும் தண்ணீர்.

பள்ளிக்கூட நூலகத்தில், சனிக்கிழமை காலைகளில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே வரவேண்டிய வகுப்பு அது. பிள்ளைகள் குடியின் பக்கம் சாயாமல் வீட்டிலேயே தடுப்பது எப்படி என்று சொல்லித் தந்தார்கள். இது ஐந்தாவது வாரம். பாடம், 'வேணாம்' என்று சொல்லப் பழகுவது.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் வீடு திரும்பியவள், குளியலறைத் தரையில் மகன் வாந்திக்கு நடுவே சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருந்த பிள்ளை. விருந்தாளிகளுக்காக அலமாரியின் மேல்தட்டில் அப்பா வைத்திருந்த பாட்டிலில், அடியில் இரண்டு விரல் உயரம்தான் மிச்சம்.

"இன்னிக்குத்தாம்மா மொத தடவ. நாலே மடக்குதான்" என்று அவன் தேம்பினான்.

"நாலு மடக்குல பாட்டில் காலியாகுமாடா? புளுகாத!" என்று அப்பா ஓங்கி ஓர் அறை விட்டார்.

அம்மா அன்றைக்கு மரத்துப்போனவள்தான். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கொதிக்கக் கொதிக்க விரிப்புகளை மடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குச் சூடு தெரியாத மாதிரி, மனசுக்கும் எதுவும் தெரியவில்லை. வகுப்புக்கு வா என்றால் வந்தாள். கையெழுத்துப் போடு என்றால் போட்டாள்.

"பையன் நல்லாத்தான் சொன்னான்" என்றார் வகுப்பு நடத்தும் மேடம். "ஆனா சார், கூட்டாளி கூப்பிடுற மாதிரியா இருக்கு? லைசென்ஸ் கேக்குற போலீஸ் மாதிரில்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அசடு வழிந்தார்.

"சின்னவங்க யாராவது கூப்பிட்டாத்தான் சரிப்படும். குட்டி, நீ வர்றியா?"

மூலையில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த பையனின் தங்கை எழுந்து வந்தாள். ஒன்பது வயது. வீட்டில் தனியே விட முடியாதென்று கூடவே இழுத்துவரும் பிள்ளை. வாயில்லாப் பூச்சி.

மேடம் கொடுத்த அட்டையைத் திக்காமல் திணறாமல் படித்தாள். "வா, ஒரு வாய் குடிக்கலாம். யாரும் பாக்க மாட்டாங்க."

"வேணாம்."

"பயமா?"

"பயமில்ல. எனக்குப் புடிக்கல."

அட்டையில் அவ்வளவுதான். ஆனால் சின்னவள் நகரவில்லை. அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, டம்ளரோடு அண்ணனை நெருங்கி நின்றாள்.

"கசக்கும்னு பாக்குறியா? மூக்கப் புடிச்சுக்கோ. ஒரு வாய் இது, ஒரு வாய் ஜூஸ். எரியவே எரியாது."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா, என்னமா நடிக்குது பாரு!"

இரண்டு மூன்று பேர் கைகூடத் தட்டினார்கள். அண்ணன் மட்டும் தங்கையையே வெறித்துப் பார்த்தான். அம்மாவுக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன.

மேடம் சிரிக்கவில்லை. குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"இது அட்டையில இல்லையே கண்ணு. யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

சின்னவளுக்கு முகமெல்லாம் பெருமை.

"யாரும் சொல்லித் தரல மேடம். நானேதான் கண்டுபுடிச்சேன்."