புரொக்டர் வீட்டுக் கெட்டிப் பால்

"எடி பேச்சியம்மா, பாலுக்கை என்ன கலக்கிறாய்?"

கண்டி வாவிக்கரையில் புரொக்டர் நடராஜாவின் வீட்டுப் பின்வாசல். மஹய்யாவவிலிருந்து வரும் பால்காரி பேச்சியம்மா செம்பை இன்னும் இறக்கக்கூட இல்லை.

"ஒண்ணும் கலக்கலீங்கய்யா."

"ஒண்டும் கலக்காமலோ இரண்டு கிழமையா விரல் தண்டிக்கு ஆடை படியுது?"

"மாட்டுக்குப் புல்லு நல்லாக் கெடைக்குதுங்க."

"புல்லுக் கதை எனக்குச் சொல்லாதை. மூண்டு பிள்ளையளுக்கும் வயித்தாலை போகுது. மாவு கலந்தால் அயடின் பட்டு நீலமாகும் எண்டு பேப்பரிலை கிடந்தது. விட்டுப் பாத்தன். நீலம் வரேல்லை. அப்ப மாவை விடக் கெட்டிக்காரச் சாமான் ஏதோ கலக்கிறாய்."

கோர்ட்டில் வக்கீலாக நின்று கேட்பது போலத்தான் புரொக்டர் வீட்டிலும் கேள்வி கேட்பார். வீட்டில் பீஸ் கிடையாது, அவ்வளவுதான்.

"போன மாதம் முழுக்கச் சேத்து நாத்தம். இப்ப பால்," என்றாள் அவர் மனைவி உள்ளேயிருந்து. "இந்த வீட்டிலை எப்பதான் நிம்மதி?"

சேற்று நாற்றத்தை ஒழித்தவரும் புரொக்டர்தான். வாவியைத் தூர்வாரிச் சேற்றைக் கரையிலேயே குவித்திருந்தார்கள். ரிக்‌ஷாக்காரன்கூட அந்தப் பக்கம் வர மறுத்தான். புரொக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு முனிசிபாலிட்டிக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினார். அடுத்த நாளே தூர்வாரிய கொந்தராத்துக்காரன் அவ்வளவையும் மாட்டுவண்டியில் ஏற்றி மஹய்யாவ மேட்டில் கொட்டிவிட்டான். அதற்குப் பிறகு அந்தச் சேறு என்ன ஆனதென்று புரொக்டர் கேட்கவில்லை. நாற்றம் போனதே போதும்.

"கடைசியாக் கேக்கிறன். சொல்லாட்டி நாளைக்கு வராதை. இந்த ரோட்டிலை மற்ற நாலு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லுவன்."

ஐந்து வீடும் போனால் மாட்டை விற்கவேண்டியதுதான். பேச்சியம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

"மெய்யச் சொன்னா மட்டும் வுட்டுருவீங்களா?"

"சொல்லு பாப்பம்."

"நாலு வருசமா பாதிக்குப் பாதி தண்ணிதாங்கய்யா ஊத்துனேன்."

புரொக்டரின் மனைவி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அது பழைய கதை. இப்ப என்ன ஊத்துறாய்?"

"இப்ப எதை ஊத்துறது? மேட்டுல கொட்டுன சேறு மழையில கரைஞ்சு எங்க கெணத்துல எறங்கிருச்சு. எங்க புள்ளைக வேற வழியில்லாம அதைத்தான் குடிக்குதுக. ஒங்க புள்ளைகளுக்கு அதை ஊத்த மனசு வரலீங்க. அதான் ரெண்டு வாரமா வெறும் பால்."