தலைப்பிரசவம்

பால் ஆடு வளர்க்கப் புதிதாகக் கிளம்பிய சகாயம், சுட்டி என்ற நிறைசினை ஆட்டை வாங்கி வந்தார். மூன்று நாளாகச் செல்போனும் கையுமாகக் கொட்டிலையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போன் என்னடி சொல்லுது?" என்று கோழி கேட்டது.

"குட்டி போடப்போற ஆடு சரியாத் தின்னாதாம். உக்காந்து உக்காந்து எந்திரிக்குமாம். பெருமூச்சு விடுமாம்," என்றது சுட்டி, வேப்பங்குழையை மென்றபடி.

கோழி சகாயத்தைப் பார்த்தது. தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது. அவர் உட்கார்ந்தார், எழுந்தார், பெருமூச்சு விட்டார்.

"இவருக்கு இன்னிக்கே ஆயிடும்போல!"

"எனக்காவது இது மூணாவது. அவருக்குத் தலைப்பிரசவம், பாவம்," என்றது சுட்டி. "ஆனா இப்படி வச்ச கண்ணு வாங்காம பார்த்தா எனக்கு எப்படி வரும்? கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயேன்."

கோழி வீட்டுக்குள் பறந்து அரிசி டப்பாவைக் கவிழ்த்தது. சகாயம் ஓடினார். அவர் அரிசியை அள்ளி முடித்து வருவதற்குள், சுட்டி இரண்டு குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது.

அவர் உடனே போன் போட்டார். "அக்கா, ரெண்டு குட்டி! ஒத்த ஆளா நானே பிரசவம் பார்த்தேன். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

கோழி சிலிர்த்துக்கொண்டு அவரைக் கொத்தப் போனது.

"விட்டுருடி," என்றது சுட்டி. "பச்சை உடம்பு."