மேட்டில் நின்ற வண்டி

தவளக்குப்பத்தில் பழைய வண்டிகள் விற்கும் கொட்டகையின் தகரம் நண்பகல் வெயிலில் கொதிக்கிறது. திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடும் தன் ஜெனரேட்டரை டிரெய்லரோடு டிராக்டரில் இழுத்துவந்து, கழுவி மினுக்கிய வெள்ளைப் பிக்கப்பின் பின்னால், வாங்குமுன் இழுவை பார்க்க, மாட்டச் சொல்லியிருக்கிறாள் உஷாராணி. புரோக்கர் பாக்யராஜ்தான் ஓட்டுகிறார். கடலூர் ரோட்டுக்கு ஏறும் மண்மேட்டின் பாதியிலேயே வண்டி திணறிப் பின்னால் நழுவுகிறது. கிளட்ச் கருகும் வாடை பரவுகிறது. “வூட்டுக்காரர இட்டுனு வாம்மா, அவருகிட்ட பேசிக்கிறேன்” என்றபடி இறங்குகிறார். “ஓட்டப்போறது நானு. எங்கிட்ட பேசுப்பா” என்கிறாள் அவள். மூலையில் நிற்கும், முகம் நசுங்கிய நீலப் பிக்கப்பில் டிரெய்லரை மாற்றி மாட்டவைத்து, அவளே ஏறி உட்காருகிறாள். மேட்டின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்துகிறாள். அத்தனை இரும்பும் பின்னால் இழுக்க, கொக்கி முனகுகிறது. “பிரேக்க வுட்றாதம்மா” என்கிறார் பாக்யராஜ், ஒதுங்கி நின்று. விடுகிறாள். வண்டி ஒரு சாண்கூடச் சரியாமல் உறுமி மேலேறி, ரோட்டோரப் புளியமர நிழலில் நிற்கிறது. வியர்வை வழியும் முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறாள் உஷாராணி. “இதான் வேணும். எம் பேருல எழுது.”