கடைசியில் வந்த கார்

"இன்னிக்கும் கோப்பை வரலேன்னா காரை வித்துடணும்!" என்று பல் டாக்டரிடம் வாக்கு வாங்கிவிட்டுத்தான் அவர் மனைவி முதல் முறையாகப் பழைய கார் பந்தயம் பார்க்க வந்தாள். காரை வாங்குகிற ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

பத்துச் சுற்று. மற்ற பழைய கார்களெல்லாம் பறந்தன. டாக்டரின் கார் மட்டும் பெண் பார்க்கப் போவதுபோல ஆற அமர வந்து, எல்லாருக்கும் கடைசியாக எல்லைக்கோட்டைத் தொட்டது.

"பாத்தீங்கல்ல? இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள் மனைவி, வாங்க வந்தவரிடம்.

வந்தவர் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கி அலறியது. முதல் பரிசு, டாக்டருக்கு!

"கடைசியா வந்தவருக்கா?"

பக்கத்தில் நின்ற போட்டி அமைப்பாளர் சிரித்தார். "இது வேகப் போட்டி இல்லம்மா. ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம்னு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டு, பத்து சுத்தையும் அதே நேரத்துல ஓட்டணும். வண்டியில கடிகாரம் வெச்சுக்கக் கூடாது."

கோப்பையோடு டாக்டர் வந்தார்.

"கடிகாரம் இல்லாம எப்படிங்க?"

"நீ பக்கத்துல உக்காந்து 'மெதுவா, மெதுவா'ன்னு கத்தறதா நெனச்சுக்கிட்டேன். வேகம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

மனைவி வாங்க வந்தவரிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க, விக்கறதா இல்ல."

பிறகு கணவரிடம் சொன்னாள்: "அடுத்த பந்தயத்துக்கு நானே வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன்."