கொசுவே நுழையாத வலை

மூன்றாம் மாடி ஜன்னலில் வெல்க்ரோ பட்டையால் ஒட்டியிருந்த கொசுவலைக்குத் தலைகால் புரியாத பெருமை. வந்த நாளிலிருந்து ஒரு கொசுவைக்கூட அது உள்ளே விட்டதில்லை.

"உன் சந்துல காக்கா தலையை நீட்டுது. நீயெல்லாம் ஒரு காவலா?" என்று பின்னால் துருவேறி நின்ற இரும்புக் கம்பியை அது தினமும் சீண்டும். கம்பி வாயே திறக்காது.

சாயங்காலம் ஜன்னல் திறந்ததும் நாய்க்குட்டி மிளகு சோபாவில் ஏறி வலையில் மூக்கை வைக்கும்.

"அண்ணே, கொஞ்சம் சாஞ்சுக்கவா?"

"தாராளமா சாயுடா! கொசுவையே விடாதவன் உன்னை விட்டுடுவேனா?"

ஒருநாள் எதிர்வீட்டு மாடிச்சுவரில் அணில் ஓடியது. மிளகு குரைத்துக்கொண்டே ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பட்டை சர்ரென்று பிய்ந்தது. அவ்வளவுதான், குட்டியோடு சேர்ந்து நாமும் மூன்று மாடி கீழே போகிறோம் என்று வலை கண்ணை மூடிக்கொண்டது. ணங்! முதுகில் ஏதோ குளிர்ச்சியாகத் தாங்கியது. கம்பிக்கும் குட்டிக்கும் நடுவே வலை அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

வீட்டுக்கார அம்மா பதறி ஓடிவந்து குட்டியை வாரி எடுத்தாள். சோபாவை எதிர்ச்சுவர் பக்கம் தள்ளிப்போட்டாள். வலையை மறுபடி அழுத்தி ஒட்டினாள்.

வலைக்கு மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பியதும் சுருக்கத்தை நீவிக்கொண்டு நிமிர்ந்தது.

"பார்த்தியா? இவ்வளவு அமளியிலயும் ஒரு கொசு உள்ள வரல."

கம்பி அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்தது.

"குட்டியும் வெளிய போகல."