‘ஹாம்’ என்றொரு சொல்

“அடிச்ச வரியைத் திரும்பப் போடுங்க சார்.”

பதிப்பாசிரியர் வேதமூர்த்தி சார் அடித்ததைக் கேள்வி கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். போலிஷ்–தமிழ் அகராதி அன்று அச்சுக்குப் போகிறது. ‘ஹாம்: பண்பற்றவன்’ என்பதோடு நிறுத்தியிருந்தார். நான் எழுதிய மிச்சத்தின் மேல் சிவப்புக் கோடு. ‘ஹாம்’ பைபிளில் வரும் நோவாவின் மகன் பெயர். தங்கள் வயலை உழுதவர்களைச் சாபம் பிடித்த அவன் வம்சம் என்று சொல்லிப் போலந்துப் பிரபுக்கள் அப்படி அழைத்தார்கள். பிரபுவைக் குறிக்கும் ‘பான்’ எப்படி எல்லா ஆண்களுக்குமான மரியாதைச் சொல்லானது என்ற நான்கு வரி மட்டும் அப்படியே இருந்தது.

“அகராதியில எதுக்கும்மா இந்தச் சண்டையெல்லாம்?” என்றார் வேதமூர்த்தி சார். “வேணும்னா ‘பட்டிக்காட்டான்’னு சேர்த்துக்க. நம்ம ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும்.”

“எங்கப்பாவுக்கும் புரியும் சார். அவரை அப்படித்தான் கூப்பிடுறாங்க.”

“கோபத்தைப் பாரு! படிச்சும் ஊர்ப் புத்தி போகல.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

முதல் பக்கத்தில், தொகுத்தவர்களுள் என் பெயரும் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அச்சேறவிருந்த முதல் பெயர். வேதமூர்த்தி சாரின் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன்.

“என்னம்மா பண்ற? உட்காரு.”

பேனாவை மூடி அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.