நாற்பது வயது ஆதிரை

மகள் ஆதிரைக்குப் பதினொரு வயது. மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையை முழுக்க மூடியிருந்ததால், சாப்பிடும்போதெல்லாம் கீழ்ப்பல் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாகிவிடும். பிருந்தாவும் கணவன் இளம்பரிதியும் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

டாக்டரம்மா ஆதிரையின் முகத்தைப் படம் பிடித்தார். "கிளிப் போட்டா புண் ஆறிடும். கூடவே முகத்தையும் கொஞ்சம் நீளமாக்கலாம், அது உங்க விருப்பம். எதுவுமே செய்யாம விட்டா நாற்பது வயசுல இப்படித்தான் இருப்பா" என்று, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் வயதாக்கிக் காட்டிய திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு பெண் கண் சிமிட்டினாள். மூக்குக்குக் கீழே முகம் குட்டையாகி, கீழுதடு மடிந்திருந்தது. பிறகு அவள் சிரித்தாள்.

"ஐயோ, இந்த மூஞ்சி வேண்டாம் டாக்டர்!" என்றாள் பிருந்தா.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது இளம்பரிதியின் சிரிப்பு. பக்கத்தில் அவன் கையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்பா மாதிரியே இருக்குல்ல?" என்றாள் ஆதிரை சந்தோஷமாக.

பிருந்தாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. இளம்பரிதிதான் பேசினான்.

"முகத்தையும் சேர்த்தே பண்ணிடுங்க டாக்டர்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கும் இந்த வயசுல பண்ண முடியுமா?" என்று கேட்டான்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்று அவள் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டர் என்ன சொல்வார் என்று அவளும் ஆவலாகக் காத்திருந்தாள். அது தனக்கே தெரிந்தபோது, கணவன் பக்கம் திரும்ப அவளுக்குக் கூசியது.